பயந்தாங்கி

தேர்வுப் போட்டி அன்று காலை ஏழரை மணிக்கு, இனிமேல் தொப்பியை மாட்ட மாட்டேன் என்று இசக்கியம்மாள் சொல்லிவிட்டாள். ஒன்பது மணிக்குப் பெண்களின் கம்பூன்றித் தாண்டும் போட்டி தொடங்கியாக வேண்டும். மைதானத்தில் மெத்தைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தியைக் கொண்டுவந்த கருவிப் பொறியாளன் முகைதீன் வாசலிலேயே நின்றான். குளோரி பொன்மணியின் அறைக்குள் கூப்பிடாமல் யாரும் நுழைவதில்லை.

"இசக்கியக்கா தொப்பிய மாட்ட மாட்டேங்காவ, மேடம்."

குளோரிக்கு ஆத்திரம் வந்ததே தவிர ஆச்சரியம் வரவில்லை. அந்தப் பெண்பிள்ளை என்றைக்காவது ஒருநாள் நல்ல சமயம் பார்த்துக் காலை வாருவாள் என்று அவள் ஒரு வருடமாகவே எதிர்பார்த்திருந்தாள்.

பாளையங்கோட்டையைத் தாண்டி நாற்கரச் சாலையோரம் இருந்த அந்தத் தடகளப் பயிற்சி மையத்தில் குளோரி மனவலிமைப் பயிற்சியாளர். ஓடவும் தாண்டவும் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஓடுவதற்கு முந்திய நிமிடத்தில் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் நடப்பது மட்டும் அவள் பொறுப்பு. அவளும் ஒரு காலத்தில் தடை ஓட்டக்காரிதான். இருபத்திரண்டு வயதில் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில், முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், எட்டாவது தடைக்கு முன்னால் கால் எழும்பாமல் நின்றுவிட்டாள். காயம் ஏதும் இல்லை. பயம், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குப் பயத்தைக் கண்டால் பிடிக்காது. பயப்படுகிறவர்களையும் பிடிக்காது.

அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கை ஓங்கியதும் இல்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், அவர்கள் எட்ட முடியாத அளவைச் சொல்லிக் கூப்பிடுவாள். நூறு மீட்டரைப் பன்னிரண்டு விநாடிக்குள் முடிக்க முடியாதவள் 'பன்னெண்டு'. ஈட்டியை அறுபது மீட்டர் எறிய முடியாதவன் 'அறுவது'. ஒன்றைத் தாண்டிவிட்டால் அடுத்த எண் வந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்ததில்லை. தோற்றவர்கள் மைதானத்தின் மூலையில் கை கட்டி நிற்கும் அவளிடம் நடந்து வர வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு முழு நிமிடம் அவள் ஒன்றும் பேசமாட்டாள். பிறகு மெதுவாக ஒரே கேள்வி: "சரி, உனக்கு எதுக்கு இந்த இடம்?"

சிலர் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். தாங்கியவர்கள் பதக்கம் வாங்கினார்கள். அவர்களுடைய படங்கள்தான் சுவரில் இருந்தன.

பயத்தை அழிக்க முடியாது, ஆனால் இடம் மாற்றலாம் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. மாத்திரை போட்டு அடக்கினால் கைகால் மந்தமாகிவிடும். இதில் அந்தச் சங்கடம் இல்லை. விளையாடுகிறவர் நெற்றியில் ஒரு பட்டை, முந்நூறு மீட்டருக்குள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் தலையில் ஒரு தொப்பி. அந்தப் பயத்தை இவர் பயந்து தீர்ப்பார். தடகளக் கூட்டமைப்பும் ஆளுக்கு ஒருவரை அனுமதித்திருந்தது. விதிமுறைப் புத்தகத்தில் அவர்களுக்கு 'ஏற்பாளர்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் பயந்தாங்கி.

இசக்கியம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். ஒன்றரை வருடமாகச் செண்பகவல்லிக்குப் பயந்தாங்கி. செண்பகவல்லி கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் மகள். பதினேழு வயது. நான்கு போட்டிகளில் மூன்று மீட்டர் எண்பதில் குறுக்குக் கம்பியைத் தட்டிவிட்டாள். ஆகவே குளோரிக்கு அவள் 'மூணு எண்பது'. இன்று அந்த உயரத்தைத் தாண்டினால் தேசிய முகாம். தாண்டாவிட்டால் மையம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஏற்பாளர் அறைக்குக் குளோரி போனபோது, இசக்கி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். குளோரியைக் கண்டதும் வழக்கம்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எப்போதுமே அப்படித்தான். கேட்டால் பதில் வராது. ஒருமுறை குளோரி தோளைத் தொட்டு ஏதோ சொல்லப்போக, கையைத் தட்டிவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று குளோரி இரண்டு தடவை எழுதிக்கொடுத்திருந்தாள். ஆள் கிடைப்பது கஷ்டம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"என்ன வேணும் உனக்கு?" என்றாள் குளோரி.

"ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போணும்."

"இன்னைக்குன்னு பாத்துச் சொல்லுத பாரு. அந்தப் புள்ள வாழ்க்கை இதுல இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." இசக்கி சுவரைப் பார்த்தே பேசினாள். "அந்தப் புள்ளைக்கி நான் சொமந்தது போதும். இன்னைக்கு நீங்க சொமங்க."

"நானா?"

"ஒங்களுக்குத்தான் பயமே கெடையாதே. எல்லார்ட்டயும் சொல்லுவீயள்ல. உக்காந்து பாருங்க."

குளோரி முகைதீனைப் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், விதியில் தடை இல்லை என்றான் அவன். வேறு ஏற்பாளரைக் கூப்பிட்டால் அவர் வந்து சேர மதியம் ஆகிவிடும். ஒரு பீடிக்காரி ஒன்றரை வருடம் தாங்கியதைத் தன்னால் ஒரு காலைப்பொழுது தாங்க முடியாதா என்று குளோரி நினைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இசக்கி பையை எடுத்துக்கொண்டு, அவளைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாகவே நடந்து வெளியேறினாள்.

முகைதீன் தொப்பியை மாட்டும்போது எப்போதும் புதியவர்களுக்குச் சொல்வதைச் சொன்னான். பயம் மட்டும்தான் வரும். எதைப் பற்றிய பயம் என்பது வராது. படமாகவோ பேச்சாகவோ ஒன்றும் தெரியாது. நெஞ்சு அடிக்கும், வயிறு கலங்கும், எழுந்து ஓடத் தோன்றும்.

"முழுசா வந்துருமா?"

"பத்துல எட்டுப் பங்கு வரும் மேடம். மிச்சம் ரெண்டு அந்தப் பிள்ளைட்டயே நிக்கும். அத எடுக்க இன்னும் வழி இல்ல."

எதிரே இருந்த திரையில் மைதானம் தெரிந்தது. ஓடுபாதை, மெத்தை, குறுக்குக் கம்பி. தாண்டுதல் பயிற்சியாளர் அருணகிரி வாக்கி டாக்கியோடு ஓரத்தில் நின்றார். அதன் ஜோடி குளோரிக்கு அருகில் மேசைமேல் இருந்தது. முதல் உயரம் மூன்று ஐம்பது. செண்பகம் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதையின் தொடக்கத்தில் வந்து நின்றாள்.

குளோரி நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்போது வரும் என்று நினைத்தாள். தாண்டுகிறவர்களுக்குப் பயம் எங்கே பிடிக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். கம்பை உயர்த்தும்போது பிடிக்கும், கடைசி ஆறு அடியில் பிடிக்கும், குழியில் கம்பை ஊன்றி உடம்பைக் காற்றில் விடும்போது உயிரே போகும்.

செண்பகம் ஓடினாள். குளோரியின் நெஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை. காலையிலிருந்து தோளில் இருந்த ஏதோ ஓர் இறுக்கம்கூட விலகினாற்போல் இருந்தது. கம்பு வளைந்தது, பெண் தலைகீழாக எழும்பினாள், கம்பியைத் தாண்டி மெத்தையில் விழுந்தாள். அதுவரைக்கும் ஒன்றும் இல்லை.

விழுந்தவள் எழுந்து, மைதானத்தின் மூலையைப் பார்த்துத் திரும்பினாள். அப்போது வந்தது.

குளோரிக்கு முதலில் மாரடைப்பு என்றுதான் தோன்றியது. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடிவயிறு கழன்று கீழே போயிற்று. ஓட வேண்டும், ஆனால் ஓடினால் இன்னும் மோசமாகும், அதனால் அசையாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு பயம். எட்டாவது தடைக்கு முன்னால் அவள் பட்டது இதில் கால்வாசி இருக்குமா என்பது சந்தேகம். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிய ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த உயரத்துக்குச் செண்பகம் கம்பைத் தூக்கியதும், விளக்கை அணைத்தாற்போல நின்றது.

மூன்று அறுபதிலும் அதே கதை. ஓடும்போது ஒன்றும் இல்லை. தாண்டி முடித்துத் திரும்பும்போது அடி. திரையில் செண்பகத்தின் முகம் பெரிதாகத் தெரிந்தது. அவள் கண் அந்த மூலையில் தேடிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. அவள் படிக்கட்டுகளைப் பார்த்தாள், அலுவலக வாசலைப் பார்த்தாள், தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கருவியில ஏதோ கோளாறு," என்றாள் குளோரி. குரல் அவள் குரலாக இல்லை. "தாண்டினப்புறம் வருது."

முகைதீன் கணினியில் ஓடிய, பயத்தின் அளவைக் குறிக்கும் கோட்டைக் காட்டினான். "எப்பவும் இப்படித்தான் இருக்கும் மேடம். ஓடும்போது எறங்கிரும், முடிச்சதும் ஏறும்."

"எத்தன நாளா?"

"வந்ததுலேருந்தே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எத்தன மீட்டர்னு மட்டும்தான கேப்பீய. கோடு கேட்டதில்லியே." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

திரையில் அருணகிரி செண்பகத்திடம் வந்து ஏதோ சொன்னார். பெண் அவரையே பார்த்தாள். திரும்ப ஒருமுறை கேட்டாள். அவர் தலையாட்டினார். கணினியில் கோடு மளமளவென்று கீழே வந்தது. குளோரியின் மார்பிலிருந்த கல்லும் கூடவே இறங்கியது. மூச்சு உள்ளே போயிற்று.

"மாஸ்டர் என்ன சொன்னாரு, கேளு."

முகைதீன் மைதானத்தில் இருந்த ஒருவனைக் கைபேசியில் கேட்டான். கேட்டுவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்தான். "மேடம் இன்னைக்கு மைதானத்துக்கு வரமாட்டாங்கன்னு சொன்னாராம்."

குளோரி அதை நம்பவில்லை. ஒருமுறை நடந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் அவள். மூன்று எழுபதைச் செண்பகம் சுலபமாகத் தாண்டினாள். இந்தத் தடவை மெத்தையிலிருந்து எழுந்தபோதும் கோடு தரையிலேயே கிடந்தது. குளோரி மேசைமேலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"செண்பகம்," என்றாள்.

ஒன்றரை வருடத்தில் அவள் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. திரையில் பெண் விறைத்து நின்றாள். அதே நொடியில் குளோரியின் உடம்பு நாற்காலியோடு ஒடுங்கியது. கையிலிருந்த கருவியைத் தூர எறிய வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை பாராட்ட நினைத்தாள்.

"நல்லா தாண்டின."

அது முந்தியதைவிட மோசமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இந்தப் பாராட்டு ஏதோ ஒரு பொறி, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாத இடம். தன் குரல் இன்னொருவர் உடம்பில் போய் இறங்கி என்ன செய்கிறது என்பதை அவள் உட்கார்ந்த இடத்திலேயே அனுபவித்தாள். அதுவும் பத்தில் எட்டுப் பங்குதான்.

மூன்று எண்பதில் முதல் வாய்ப்பைச் செண்பகம் தவறவிட்டாள். முழங்கால் இடித்துக் கம்பி விழுந்தது. குளோரி வாக்கி டாக்கியை அணைத்து, முகைதீன் கையில் கொடுத்து, வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வரச் சொன்னாள். இரண்டாவது வாய்ப்பிலும் கம்பி ஆடியது, விழுந்தது. மூன்றாவதில் பெண் ஓடுபாதையில் நெடுநேரம் நின்றாள், கம்பை இறக்கிவைத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள், மூலையை ஒருதரம் பார்த்தாள், ஓடினாள். கம்பிக்கு மேலே ஒரு கையகலம் இடைவெளி இருந்தது.

மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. செண்பகம் மெத்தையில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்துக் குளோரி பார்த்ததில்லை.

தொப்பியைக் கழற்றிய பிறகும் குளோரியால் உடனே எழ முடியவில்லை. வடியாமல் கொஞ்சம் தங்கும், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று முகைதீன் சொன்னான். மேலே படிக்கட்டில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தோள் குறுகியது.

போட்டி முடியும்வரை போக மனமில்லாதவள்போல இசக்கி பேருந்து நிறுத்தத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். குளோரி கிட்டே போகாமல் சாலையின் இந்தப் பக்கமே நின்று பேசினாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மேனேஜர்ட்ட சொன்னேன். ஒங்களக் கண்டாலே ஒடம்பு ஆவலன்னு சொன்னேன். ஒடம்புக்கு ஆவலன்னா மாத்திர போடுன்னாரு." இசக்கி இப்போது நேராகப் பார்த்தாள். அவள் விழிகள் சிவந்திருந்தன. "நீங்க திமிருன்னு எழுதிக் குடுத்தீய. போன வாரம் பஸ்ஸில எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா வந்து உக்காந்தாவ. நீங்க முட்டுக்குத் தேய்ப்பீயள்ல, அந்தத் தைல வாடை. ஓடுத பஸ்ஸிலருந்து எறங்கப் பாத்தேன். கண்டக்டர் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு ஒங்களால ஒண்ணும் ஆனதில்ல மேடம். நீங்க என்னிய ஒரு வார்த்தை வஞ்சதுகூட இல்ல. எல்லாம் அந்தப் புள்ளைக்கி ஆனது. தெரையில அது ஒங்க கிட்ட நடந்து வரும்போதெல்லாம் எனக்குள்ள வந்து எறங்கும்."

குளோரி மன்னிப்புப் போல ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"அத என்ட்ட சொல்லாதீய," என்றாள் இசக்கி. பேருந்து வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

மேலாளர் இனிப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான்கு போட்டியில் முடியாதது இன்று முடிந்துவிட்டது என்று குளோரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். கோடுகளை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"பிள்ளைகளுக்கு உங்க மேல பயம் இருக்கு. சரி. அதுக்குத்தானே மேடம் உங்கள வச்சிருக்கோம்?"

மற்ற பிள்ளைகளின் கோடுகளையும் பார்க்க வேண்டும் என்றாள் குளோரி. ஏற்பாளர்களிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கூட்டமைப்புக்கு எழுத வேண்டும் என்றாள். அவர் இனிப்புப் பெட்டியை மூடினார். பயம் எதிலிருந்து வந்தால் என்ன, அதை எடுத்துப் போடத்தான் ஆள் இருக்கிறதே என்றார். நீங்கள் இந்தப் பக்கம் கொடுங்கள், அவர்கள் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வார்கள், நடுவில் பிள்ளை தாண்டும். இதில் தவறு எங்கே இருக்கிறது என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். கருவி வந்ததிலிருந்து தானும் அப்படித்தான் யோசித்து வந்திருக்கிறோம் என்பது குளோரிக்குத் தெரிந்தது. அவள் அங்கேயே ஒரு தாளை வாங்கி விலகல் கடிதம் எழுதினாள்.

"உங்க இடத்துக்கு நாளைக்கே ஆள் வரும்," என்றார் மேலாளர், கடிதத்தைப் படிக்காமல். "பயந்தாங்கிக்குத்தான் ஆள் கிடைக்கிறதில்ல."

மறுநாள் காலை, அறையைக் காலி செய்வதற்கு முன்னால், குளோரி உணவுக்கூடத்துக்குப் போனாள். அவள் அங்கே போவதே இல்லை. உள்ளே நுழைந்ததும் நாற்பது பேர் பேச்சும் நின்றது. செண்பகம் ஜன்னலோரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் பட்டை இல்லை. போட்டி இல்லாத நாளில் யாரும் அதைக் கட்டுவதில்லை. குளோரி தன்னை நோக்கித்தான் வருகிறாள் என்று தெரிந்ததும் அவள் எழுந்து நின்றாள். எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு," என்றாள் குளோரி.

உட்கார்ந்தாள். நாற்காலியின் விளிம்பில்.

எதிரே உட்கார்ந்தால் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று நினைத்துக் குளோரியும் உட்கார்ந்தாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை, குரலைத் தணித்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நேற்று தொப்பியை மாட்டியிருந்தது தான் என்று சொன்னாள். அந்தப் பயம் யாரைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது என்றாள். ஒன்றரை வருடமாகத் தான் செய்தது பயிற்சி இல்லை, கொடுமை என்றாள். நீ தாண்டியது என்னால் இல்லை, நான் அங்கே இல்லாததால் என்றாள்.

"என்ன மன்னிச்சிரு, செண்பகம்."

"சரி மேடம்."

"நான் நெசமாத்தான் சொல்லுதேன். நீ இனிமே என்னக் கண்டு பயப்பட வேண்டாம்."

"சரி மேடம். பயப்படல மேடம்."

பெண்ணின் பார்வை குளோரியின் சட்டைப் பொத்தானில் நிலைத்திருந்தது. முகத்தில் அசைவே இல்லை. நன்றாகப் பயின்ற முகம். கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. அவள் ஏதோ யோசித்தாள். தான் கண்டுபிடிக்காத ஏதோ ஒரு சரியான விடை இதில் இருக்க வேண்டும் என்று தேடுகிறவள்போல உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"நான் இப்ப என்ன சொல்லணும், மேடம்?"

நேற்று வரையில் இந்த முகத்தைப் பார்த்திருந்தால், தேறிவிட்டாள் என்று குளோரி பெருமைப்பட்டிருப்பாள். இப்போது அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நாக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும், வயிறு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று தெரியும். நேற்று தன்னிடம் வந்தது எட்டுப் பங்கு. இப்போது வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் பத்தும் அந்தப் பெண்ணுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை, எவ்வளவு அன்பான வார்த்தையாக இருந்தாலும், அதுவும் அங்கேதான் போய்ச் சேரும்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளோரி எழுந்தாள். செண்பகமும் எழுந்தாள். தட்டில் இரண்டரை இட்லி மிச்சம் இருந்தது.

தான் பார்வையிலிருந்து மறைகிறவரை அந்தப் பெண் உட்காரமாட்டாள் என்று குளோரிக்குத் தெரிந்திருந்தது. படியில் இறங்கியதும் அவள் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டாள்.